வடக்கு பார்த்த போர்டு

1

கோவில்பட்டியில் என்னைத் தெரிந்தவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். போன வருடம் முழுக்க நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தது போல நான் டிசைனர் இல்லை. இப்போது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். எனக்கு நம் ஊரைத் தெரியும்.

நடந்தது இதுதான். மலேசியாவில் ஈப்போவை ஒட்டி ஜெலாப்பாங் என்று ஒரு இடம். அங்கே ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் எனக்கு வேலை. தயாராகி வரும் சர்க்யூட் போர்டுகளை மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்து, ஈயம் ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். ஒரு நாள் மதிய இடைவேளையில் அம்மா வீடியோவில் அழைத்தாள். நான் வெள்ளைக் கோட்டில் இருந்தேன். எங்கள் தொழிற்சாலையில் தரை துடைப்பவருக்கும் வெள்ளைக் கோட்டுதான், தூசி படக்கூடாது என்பதற்காக. அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்?

"அந்தப் போர்டெல்லாம் நீதான் செய்யுதியா?" என்றாள்.

"ஆமாம்மா, போர்டு வேலைதான்" என்றேன். வாயில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு இருந்தது. விளக்கமாகச் சொல்லத் தோதில்லை.

சாயங்காலத்துக்குள் நான் போர்டு டிசைன் பண்ணுகிற என்ஜினியர் ஆகிவிட்டேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியம்மா முதல், பேசாமல் ஆறு வருடமான சித்தப்பா வரை கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள். என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு கைதட்டல் இல்லை. மறுக்க மனசு வரவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது. நாளைக்கு மறுக்கலாம் என்று நினைத்தேன். நாளை நாளை என்று ஒரு வருடம் ஓடிவிட்டது.

இதற்கிடையில் தை மாதம் அண்ணன் வீடு பால்காய்ப்புக்கு வரச் சொல்லி டிக்கெட்டும் போட்டாயிற்று. என் தங்கை மாப்பிள்ளை பெங்களூரில் நிஜமாகவே போர்டு டிசைன் செய்கிறவர். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து அவர் இரண்டே இரண்டு கேள்வி கேட்டால் போதும், என் மானம் பாயசத்தோடு போய்விடும்.

2

இங்கே நான் வந்து இந்த மாதத்தோடு பன்னிரண்டு வருடம். கடலைமிட்டாய் ஊரில் பிறந்தவளைக் கடலை வறுக்கிற ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். புந்தோங் ஈப்போவில் நம் ஆட்கள் நெருக்கமாக வாழும் பகுதி. முறுக்கு, வறுத்த கடலை, பக்கோடா எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே கச்சாங் பூத்தே என்று பெயர். என் கணவர் ரவிக்கும் அவருடைய அண்ணன் குமரவேலுக்கும் அதுதான் தொழில். ஒரே வீட்டில் இருக்கிறோம். பின்கட்டில் அண்ணன் பொரிப்பார், தம்பி வேனில் கொண்டுபோய்க் கடைகளுக்குப் போடுவார்.

வந்த முதல் நாள் கணவரின் அண்ணனை நம் வழக்கப்படி "அத்தான்" என்று கூப்பிட்டுவிட்டேன். வீடே கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தது. இங்கே அத்தான் என்றால் புருஷனாம், அதுவும் பழைய சினிமாவில் வருகிற புருஷன். அன்றிலிருந்து ஊரோடு ஒத்து அவரை நானும் "அண்ணே" என்கிறேன்.

தொழிற்சாலை அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். டிசைன் பிரிவில் ஒரே ஓர் இடம் காலி. டிப்ளமோ முடித்த உள்ளாட்கள் விண்ணப்பிக்கலாம். கம்பெனி கொடுக்கும் இணையப் பாடத்தை மூன்று மாதத்தில் அவரவர் வேகத்தில் படித்து, மென்பொருளில் சொந்தமாக ஒரு போர்டு வரைந்து காட்ட வேண்டும். அந்தப் போர்டு தொழிற்சாலைக்கு வெளியே யாருக்காவது நிஜமாக உபயோகப்பட வேண்டும். எனக்கு டிப்ளமோ இருக்கிறது. பாலிடெக்னிக்கில் படித்தது மறந்துவிட்டது, சர்டிபிகேட் மட்டும் மறக்காமல் பெட்டியில் இருக்கிறது.

பெயர் கொடுத்தேன். என்னோடு இன்னும் இரண்டு பேர் கொடுத்தார்கள், ஒரு பையன், ஒரு பெண், இரண்டும் இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். நான் தோற்றால் மறுபடி மைக்ராஸ்கோப். அது பரவாயில்லை. தை மாதப் பந்திதான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

3

அவரவர் வேகம் என்று யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை. எனக்கு வேகம் இல்லை என்பதைக் கண்டுபிடிக்கத்தான் அது உதவியது.

பாடத்தில் முகம் தெரியாத ஓர் ஆள் ஆங்கிலத்தில் பேசுவார். ஒவ்வொன்றையும் "இது ரொம்ப சுலபம்" என்று ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு வந்த எதுவும் சுலபமாக இருந்ததில்லை. திரையின் மேலே ஒரு பச்சைப் பட்டை நான் எவ்வளவு முடித்திருக்கிறேன் என்று காட்டும். முதல் வாரம் மூன்று சதவீதம். இரண்டாவது வாரமும் மூன்று. பட்டை கெட்டுப்போய்விட்டதோ என்று மகள் யாழினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்குப் பதினொரு வயது.

"பட்டை நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் லம்பாட்" என்றாள். லம்பாட் என்றால் மலாய் மொழியில் மந்தம். "ஸ்பீடு கூட்டி வச்சுப் பாருங்க லா." லா இங்கே எல்லார் பேச்சிலும் ஒட்டிக்கொள்ளும் வால்.

கூட்டி வைத்தேன். அந்த ஆள் ரயிலைத் தவறவிட்டவர் போலப் பேசினார். குறைத்துவிட்டேன்.

நாலு நாள் திறக்காவிட்டால் ஒரு மின்னஞ்சல் வரும். "ஜெயந்தி, உங்களைக் காணோமே! நலமா?" பன்னிரண்டு வருடத்தில் கூடப்பிறந்த அண்ணன் இப்படி ஒரு வரி எழுதியதில்லை. மனசு இளகி, நலம், நலமறிய ஆவல் என்று பதில் போட்டேன். அதற்கு அவர்களிடமிருந்து பதில் இல்லை.

மென்பொருளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், மாப்பிள்ளை கேட்டால் உங்களுக்கும் புரிய வேண்டும். எந்தச் சாமானின் கால் எந்தச் சாமானின் காலோடு சேர வேண்டும் என்று முதலில் படம் வரைய வேண்டும். பிறகு சாமான்களை ஒரு கட்டத்துக்குள் அடுக்க வேண்டும். அடுக்கியதும் அவற்றுக்கு நடுவே மெல்லிய கோடுகள் இடியாப்பம் போலச் சிக்கிக் கிடக்கும். அதை ஒவ்வொன்றாகப் பிரித்துச் செம்புத் தடமாகப் போட வேண்டும். ஒரு தடம் இன்னொன்றை வெட்டக்கூடாது, உரசக்கூடாது. எல்லாம் முடிந்ததும் மென்பொருளே சோதித்துப் பிழைப் பட்டியல் கொடுக்கும். எனக்கு முதல் தடவை நூற்று நாற்பது பிழை. ஒன்றைத் திருத்தினேன், நூற்று நாற்பத்திரண்டு ஆனது.

"கோலம் போடுற பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சுலபமா வரும் லா" என்றார் ரவி. எனக்குக் கோலம் வராது. புதுப்பெண்ணாக நான் போட்ட முதல் கோலத்தைப் பார்த்து "மழை பேஞ்சு அழிஞ்சிருச்சா?" என்று கேட்டவரே இவர்தான்.

என்ன போர்டு செய்வது என்பதில் மட்டும் எனக்குக் குழப்பமே இல்லை. அண்ணே முறுக்கு மாவில் ஒரு சிட்டிகை கிள்ளி எண்ணெயில் போட்டுத்தான் சூடு பார்ப்பார். போனில் பேசிக்கொண்டே பார்த்தால் முதல் ஈடு கருகிவிடும். எண்ணெய்ச் சட்டியில் ஓர் உணர்வுக் கம்பி, அது சரியான சூட்டைத் தொட்டதும் கூவ ஒரு சின்னக் குழல், இரண்டையும் நடத்த ஒரு போர்டு. உபயோகப்படும் இடம் எங்கள் வீட்டுப் பின்கட்டு. திட்டம் பிரமாதம். இதில் அண்ணேயின் சம்மதம் வேண்டும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

4

ஏனென்றால் அதே மாதங்களில் எங்கள் வீட்டில் இன்னொருவரும் அவரவர் வேகத்தில் படித்துக்கொண்டிருந்தார். அண்ணே போனில் வாஸ்து வகுப்பில் சேர்ந்திருந்தார். அவர் வேகம் வேறு. நான் மூன்று சதவீதத்தில் நின்றபோது அவர் படிப்பை முடித்து, சான்றிதழை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்.

பிறகு வீடு நகர ஆரம்பித்தது. போனில் திசைமுள் ஒன்றை இறக்கிக்கொண்டு, தோல் உறையின் மூடியை ஒரு கையால் பிடித்தபடி அறை அறையாக நடப்பார். ஃபிரிட்ஜ் கூடத்துக்கு வந்தது. செருப்பு அலமாரி குளியலறைப் பக்கம் போனது. யாழினியின் படிக்கும் மேசை "கிழக்கு" பார்த்துத் திரும்பியது. அங்கே வைஃபை எட்டாது என்பதால் அவள் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. கழிவறையை நகர்த்த முடியவில்லை, அதனால் அதன் கதவில் ஒரு கண்ணாடி மாட்டினார். உள்ளே போகிற ஒவ்வொரு முறையும் எதிரே ஓர் ஆள் வருவது போல இருக்கும்.

ஒரு காலை ரவி மெதுவாகக் கேட்டார். "அண்ணே, நீங்க சொல்ற கணக்குப்படி பாத்தா நம்ம வூட்ல சூரியன் தெக்கால உதிக்குது."

அண்ணே அசரவில்லை. "தட்சிணாயனம் லா. சூரியன் நகரும், தம்பி. முள்ளு நகராது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பின்கட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு என் போர்டில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பிழை நூற்று நாற்பதிலிருந்து பதினொன்றுக்கு இறங்கியிருந்தது. பச்சைப் பட்டையும் எழுபதைத் தொட்டிருந்தது. அண்ணே மாவு பிசைந்த கையோடு பின்னால் வந்து நின்றார்.

"என்னாம்மா இது, வூட்டு பிளானா?"

"இல்ல அண்ணே. உங்க எண்ணெய்ச் சட்டிக்குப் போர்டு."

அவர் காதில் அது விழவில்லை. சதுரத்தைப் பார்த்தார், அதற்குள் இருந்த கட்டங்களைப் பார்த்தார், நடுவே ஓடிய தடங்களைப் பார்த்தார். "கரண்டு எது வழியா உள்ள வருது?"

இடது பக்கம் மேல் மூலையைக் காட்டினேன்.

"ஐயோ, வாயு மூலையில நெருப்பா? தா போலே, தா போலே." முடியவே முடியாது என்றார். "கரண்டுன்னா அக்னி. தென்கிழக்குலதான் இருக்கணும். இந்தக் கருப்புப் பெட்டி என்னா?"

"அதுதான் மூளை அண்ணே. எல்லாத்தையும் கணக்குப் போடுறது."

"குடும்பத் தலைவன். கன்னி மூலை. கூவுற சாமான் காத்து, அதை வாயு மூலைக்கு மாத்து. எண்ணெய்க் கம்பி..." இங்கேதான் நின்றார். எண்ணெய் ஈரம் என்றால் ஈசானியம். கொதிக்கிற எண்ணெய் என்றால் அக்னி. அடுப்பை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் யோசித்தார். கடைசியில், கடையில் வாங்கும்போது அது ஈரம்தான், அதனால் ஈசானியம் என்று தீர்ப்பானது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணே, போர்டுக்குத் திசையே கிடையாது. இதைத் தலைகீழாவும் மாட்டலாம், பக்கவாட்டுலயும் மாட்டலாம். எது வடக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

அவர் முகம் சுருங்கியது. கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. அடுப்பங்கரையில் கூப்பிட்டாலும் ரவி மூலமாகத்தான் பதில் வரும். சின்ன வெற்றிதான், ஆனால் அனுபவித்தேன்.

நாலாம் நாள் வேலை முடிந்து வந்தபோது வாசலிலேயே நின்றார். முகத்தில் பரிசு விழுந்தவரின் களை.

"வடக்கு தெரியாதுன்னா நாம சொல்லிக் கொடுப்போம். போர்டு மேல ஒரு அம்புக்குறி போடு. பக்கத்துல வன்னா எழுது. மாட்டுறவன் அதைப் பாத்து மாட்டட்டும்."

"அண்ணே..."

"திசை கெட்ட சாமானை என் அடுப்புப் பக்கம் விடமாட்டேன்மா. சொல்லிட்டேன்."

அடுப்பு அவருடையது. அவர் அடுப்பில் ஓடினால்தான் என் போர்டு யாருக்காவது உபயோகப்பட்டதாகக் கணக்கு. சமர்ப்பிக்க ஒன்பது நாள் இருந்தது. அன்று சாயங்காலமே உட்கார்ந்து எல்லாவற்றையும் பிடுங்கி நட்டேன். கரண்டு வலது கீழ் மூலைக்கு, மூளை இடது கீழுக்கு, குழல் இடது மேலுக்கு, கம்பி வலது மேலுக்கு. பதினொன்றாக இருந்த பிழை அறுபத்தெட்டானது. அண்ணேயைத் திட்டிக்கொண்டே ஒவ்வொரு தடமாகத் திரும்பப் போட்டேன். கோபத்தில் கை வேகமாக ஓடியது. அந்த ஆள் சுலபம் என்று சொன்னதெல்லாம் அந்த ஒரு வாரத்தில்தான் எனக்குப் பிடிபட்டது. கடைசி நாளுக்கு முந்திய நாள் பிழைப் பட்டியல் காலியாக வந்தது. நம்பாமல் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன். அப்போதும் காலி. மகிழ்ச்சியில் மேசையைத் தட்ட, மாவுச் சட்டி கவிழ்ந்தது.

மேல் விளிம்பை ஒட்டி, திரையில் மேல் நோக்கி, ஓர் அம்புக்குறி வரைந்தேன். பக்கத்தில் கோடு கோடாக இழுத்து ஒரு 'வ'. கோலத்தைவிட நன்றாக வந்தது.

5

வரைந்த போர்டை வெளியே அடிக்கக் கொடுத்து வாங்கி, அதன் மேல் சாமான்களை ஒட்டுவது எங்கள் தொழிற்சாலை இயந்திரம். அந்த இயந்திரத்துக்குள் போர்டை வைப்பவர் செல்வி அக்கா. கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. காலையில் மேற்பார்வையாளர் எங்களை வரிசையில் நிறுத்திப் பேசுவதை இன்னும் தோட்டத்து வழக்கப்படி "பெரட்டு" என்றுதான் சொல்வார். "பெரட்டுக்கு லேட்டா வந்தா பேரு வெட்டிருவாங்க, ஓடி வா" என்பார். யாரும் இங்கே பேர் வெட்டுவதில்லை, ஆனால் நானும் ஓடுவேன்.

மூன்று பேர் போர்டும் ஒரே நாளில் ஏறின. ஒட்டி முடித்தவை என்னிடம்தான் வந்தன. எல்லாப் போர்டும் என் மைக்ராஸ்கோப்புக்குத்தானே வரும்? முதலில் அந்தப் பையன் வரைந்த போர்டு. அடியில் வைத்துப் பார்த்தேன். நல்ல சாமான்கள், நல்ல ஈயம், ஆனால் ஒன்றுகூட அதனதன் இடத்தில் இல்லை. ஒரே தெருவில் எல்லோரும் மாற்றி மாற்றி அடுத்த வீட்டில் குடியேறியது போல இருந்தது. அடுத்தது அந்தப் பெண்ணின் போர்டு. அதுவும் அப்படியே.

இனி என்னுடையதுதான் பாக்கி. மூவரும் பாடத்தில் இருந்தபடி ஒரே மாதிரி சதுரப் போர்டு, நாலு மூலையிலும் ஒரே மாதிரி புள்ளி வைத்திருந்தோம். இயந்திரம் அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் போர்டு எங்கே இருக்கிறது என்று கணக்கிடும். போர்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாலும் நாலு புள்ளியும் அதே இடத்தில் இருக்கும். இயந்திரம் சந்தேகப்படாமல் ஒட்டித் தள்ளிவிடும். அவர்கள் போர்டில் எது மேல், எது கீழ் என்று காட்ட எதுவுமே இல்லை. செல்வி அக்கா மேல் தப்பில்லை. எங்களுக்குத்தான் யோசனை வரவில்லை. பாடம் நடத்திய ஆளும் அதைச் சொல்லவில்லை.

என் போர்டு வந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பார்த்தேன். குழல் வாயு மூலையில். மூளை கன்னி மூலையில். கரண்டு அக்னியில். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

கோட்டைக் கழற்றாமலே ஓடினேன். "அக்கா, என் போர்டை எப்படி வச்சீங்க?"

"எப்படின்னா? அதான் அம்பு போட்டிருக்கியே. அம்பு மெஷினைப் பாத்தாப்ல வச்சேன்." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன், தப்பா?"

தப்பே இல்லை என்று கட்டிப்பிடித்தேன். "விடு லா, கிறுக்கு" என்றார்.

6

போர்டைப் பின்கட்டில் மாட்டியபோது அண்ணே போன் முள்ளை வைத்து அரைமணி நேரம் அளந்தார். அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் அம்பு வடக்கு பார்க்கும்படி திருகினார். எண்ணெய் காய்ந்தது. சரியான சூட்டில் குழல் கூவியது. அவர் நம்பாமல் ஒரு சிட்டிகை மாவு போட்டார். மாவு சட்டென்று மேலே வந்தது. "பார்த்தியா, வாஸ்து" என்றார். இரண்டு வாரம் தினமும் பொரித்த சூட்டைக் குறித்து அறிக்கை கொடுத்தேன்.

டிசைன் பிரிவுத் தலைவர் மிஸ்டர் வோங் என் போர்டைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார். அவர் மலாயில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"மூவரில் நீங்கள் ஒருவர்தான் மேல் எது கீழ் எது என்று குறித்திருக்கிறீர்கள். பாடத்தில் அது இல்லை. எப்படித் தோன்றியது?"

அந்த நிமிடம் எனக்கு அம்மாவின் வீடியோ நினைவுக்கு வந்தது. "அனுபவம், சார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய்வரை வந்தது. ஆனால் ஒரு வருடம் ஒரு பொய்யைச் சுமந்தவளுக்கு இன்னொன்றைத் தூக்கத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்னி மூலை, ஈசானியம், எண்ணெய் ஈரமா நெருப்பா, மூன்று நாள் பேசாதது, அம்புக்குறி, எல்லாம்.

மிஸ்டர் வோங் போர்டைத் திருப்பி அம்பைப் பார்த்தார். அவர் மேசைமேல் சீனர்கள் வாஸ்துவுக்கு வைக்கிற, வாயில் காசு கவ்விய பித்தளைத் தவளை ஒன்று கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அவரும் அதை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"இனி எல்லாப் போர்டிலும் இந்தக் குறி வேண்டும். புது விதியாகச் சேர்க்கிறேன்" என்றார். "யோசனை உங்களுடையது. படிவத்தை நீங்கள்தான் நிரப்ப வேண்டும்."

படிவத்தில் விதி என்ற கட்டத்தை நிரப்பினேன். அடுத்த கட்டம், காரணம். பேனாவை வைத்துக்கொண்டு முழித்தேன். வாஸ்து என்று எழுத முடியுமா? மூத்தாருக்குக் கோபம் வரும் என்று எழுத முடியுமா? கை தன்னால் எழுதியது: கெப்பெர்லுவான் கெலுவார்கா. குடும்பத் தேவை. பன்னிரண்டு வருடமாக இந்த நாட்டில் நான் நிரப்பிய ஒவ்வொரு படிவத்திலும் எழுதிய காரணம் அது ஒன்றுதான். விடுப்புக்கு அதுதான். குடியேற்ற அலுவலகத்தில் ஒவ்வொரு முறை பாஸ் புதுப்பிக்கும்போது ஏன் இங்கே தங்குகிறாய் என்று கேட்டால் அதற்கும் அதுதான்.

மிஸ்டர் வோங் படித்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். எங்கள் டிசைன் விதிப் புத்தகத்தில் இன்று நீங்கள் பார்க்கலாம். ஒவ்வொரு போர்டிலும் மேல்திசை அம்பு இருக்க வேண்டும். காரணம்: குடும்பத் தேவை.

அந்த இடம் எனக்குக் கிடைத்தது. போன திங்கட்கிழமையிலிருந்து நான் டிசைனர். கைதட்டியவர்கள் அந்தக் கைதட்டலை இப்போது புதுப்பித்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கட்டும், பதில் சொல்கிறேன். பாயசம் முடிந்த பிறகு கேட்டால் நல்லது.

7

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் நேற்று ஞாயிற்றுக்கிழமை ஒன்று நடந்துவிட்டது.

யாழினியைப் பற்றி உங்களிடம் அதிகம் சொல்வதில்லை. சொன்னால் வருத்தமாக இருக்கும். நான் தமிழில் கேட்பதற்கு மலாயில் பதில் சொல்கிற வயதில் இருக்கிறாள். என் பேச்சை "இந்தியாத் தமிழ்" என்பாள். கோவில்பட்டி என்ற பெயர் அவள் வாயில் வந்ததே இல்லை. "உங்க இந்தியா" என்றுதான் சொல்வாள், ஒரு நாட்டையே என் பேரில் எழுதிக் கொடுத்தது போல.

பள்ளியில் சாரணர் பயிற்சிக்காக நிஜமான திசைமுள் ஒன்று கொடுத்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள். அண்ணே அடுப்பில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். அவள் என் போர்டுக்கு நேரே நின்று முள்ளைப் பார்த்தாள், அம்பைப் பார்த்தாள், மறுபடி முள்ளைப் பார்த்தாள். பிறகு என்னைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். அங்கே ஃபிரிட்ஜின் மேல் அண்ணேயின் போன் கிடந்தது. அதை எடுத்து உறையின் மூடியைத் திறந்தாள், மூடினாள். அது டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"மேக்னட், அம்மா" என்றாள் ரகசியமாக. "பெரியப்பா போன் உறையில மேக்னட் இருக்கு. முள்ளை அது இழுத்துருக்கு. அவரு வடக்குன்னு சொன்னதெல்லாம் வடக்கே இல்ல. மேற்கு."

எனக்கு முதலில் ஃபிரிட்ஜ் நினைவுக்கு வந்தது. பிறகு செருப்பு அலமாரி, கழிவறைக் கண்ணாடி, தெற்கே உதித்த சூரியன். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

யாழினி சிரிக்கவில்லை. தன் போனில் வரைபடத்தைத் திறந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். ஈப்போவிலிருந்து விரலை மேற்கே இழுத்தாள். கடலைத் தாண்டினாள், இலங்கையையும் தாண்டிக் கொஞ்சம் மேலே போனாள், நின்றாள்.

"கோவில்பட்டி" என்றாள், எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி. "அம்மா, உங்க போர்டு அம்பு நேரா உங்க ஊரைத்தான் காட்டுது. கொஞ்சம்தான் விலகுது."

பன்னிரண்டு வருடமாக இந்த வீட்டில் நான் எந்தப் பக்கம் திரும்பினால் ஊர் இருக்கிறது என்று எனக்கே தெரிந்ததில்லை. கண் கலங்கிவிட்டது. வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லாததால் அவளிடம் சாக்குச் சொல்லவும் முடியவில்லை.

"பெரியப்பாகிட்ட சொல்லணுமா?" என்றாள்.

சொல்லலாம். சொன்னால் அம்பைத் திருப்புவார். பிறகு ஃபிரிட்ஜை மறுபடி தூக்க வேண்டும். ஒரு பொய்யைத் திருத்தத்தான் இதை எழுத உட்கார்ந்தேன், இப்போது இன்னொன்று சேர்ந்துவிட்டது. புந்தோங்கில் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.

பின்கட்டில் குழல் கூவியது. அண்ணே எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமலே குரல் கொடுத்தார். "அங்க என்னாம்மா கூடிக் கூடிப் பேசுறீங்க? வடக்கு சரியாத்தானே இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் யாழினி முந்திக்கொண்டாள்.

"கரெக்டா இருக்கு பெரியப்பா. யாரும் தொடாதீங்க லா."